கொடியில் தொங்கிய புங்கமரம்

"என்னா பெரியப்பா, உங்க வூட்டுத் துணி பள்ளிக்கூடத்துக் கொடியில காயுதாமே?"

ஆண்டி இதைக் கேட்டபோது சென்னப்பன் டீ கிளாஸை வாய்க்கருகே கொண்டுபோயிருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து மாதப்பன் கொட்டாய்க்குப் பிரியும் முனையில் ஆண்டியின் டீக்கடை. லாரிக்காரர்கள் நான்கு பேர், சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் ஆள் ஒருவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னப்பன் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைப் பலகையில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மீசையைத் துடைத்து, மறுபடி மடிப்புக் கலையாமல் தோளில் போட்டார். அதன் பிறகுதான் கேட்டார்.

"என்ன சொல்ற நீ?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. எம்மவன் வந்து சொன்னான். உங்க பேத்தி ஜெயபிரியா ஏதோ எழுதி வச்சிருக்குதாம். பள்ளிக்கூடத்து எடம் உங்க அப்பாரு குடுத்தது இல்லியாம். வேற யாரோ ஒரு பொம்பள குடுத்ததாம். ஊரே போயி படிச்சுட்டு வருது. நீங்கதான் பாக்கி."

"சின்னப் புள்ள கிறுக்குனதுக்கு நீ தம்பட்டம் அடிக்கிறியா?"

"அட, கோச்சுக்காதீங்க பெரியப்பா. இன்னொரு டீ போடட்டுமா?"

சென்னப்பன் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினார். நேராக நிமிர்ந்து நடந்தார். எழுபத்திரண்டு வயதில் அந்த முதுகு இன்னும் நட்ட கல் மாதிரி இருந்தது. ஊரில் அவரைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பது அந்த முதுகை வைத்துத்தான்.

இந்தப் பக்கத்தில் காட்டைத் திருத்தி முதலில் வீடு கட்டியவர் பெயரே ஊருக்கும் பெயராகிவிடும். கூடவே ஒரு கொட்டாய் சேர்ந்துகொள்ளும். அப்படித்தான் இந்த ஊர் மாதப்பன் கொட்டாய். மாதப்பன், சென்னப்பனுடைய அப்பா. காரிமங்கலத்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறவன் வாயிலும், ரேஷன் அட்டையிலும், கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெயர் தினமும் புழங்கியது. பள்ளிக்கூடச் சுவரில் பதித்த கல்லிலும் இருந்தது: 'இப்பள்ளிக்கு நிலம் வழங்கியவர் மாதப்பன்.' கல் வைத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வரும் சனிக்கிழமை ஆண்டுவிழா. அன்றைக்கு அதே பெயரில் ஒரு நுழைவு வளைவும் திறப்பதாக ஏற்பாடு. வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். திரையை விலக்கப்போவது சென்னப்பன்.

இன்றைக்கு வியாழன்.

வளைவின் மீது சாரம் கட்டி, பெயிண்டர் தமிழ்மணி எழுதிக்கொண்டிருந்தான். கீழே வருகிறவரைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் காதில் செருகினான்.

"ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. அளவுல கொஞ்சம் பிசகிப்போச்சுங்க. வலப்பக்கத்துல இருந்து அளந்துட்டேன். மாதப்பன் நினைவு நுழைவாயில்னு முடிச்சாச்சு. பாருங்க, எடப்பக்கம், பேருக்கு முன்னாடி மூணடி சும்மா கெடக்குது. தாமரை ஒண்ணு போட்டுடட்டுமா?"

"போடு."

"ரோஸா, வெள்ளையா?"

"ஏதாச்சும் போடுடா," என்று உள்ளே நடந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கென்று அந்த நேரத்துக்கு ஒரு தூக்கம் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் கையில் சாய்த்துப் பாயில் கிடந்தார்கள். எங்கோ ஒரு அறையில் வாய்ப்பாடு கூட்டாகச் சொல்வது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. முற்றத்துப் புங்கமரம் பூத்திருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பொரி சிந்தினாற்போல் தரையெங்கும் வெள்ளை. அதன் மேல் நடந்தபோது சென்னப்பனுக்குத் தன் செருப்புச் சத்தமே கேட்கவில்லை.

தாழ்வாரத்தின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். துணி காயப்போடும் கிளிப்புகளில் தாள்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு தாளிலிருந்தும் நூலில் ஒரு பென்சில். காற்றில்லாத அந்த மத்தியானத்திலும் தாள்கள் மூச்சு விடுவதுபோல் லேசாக அசைந்தன.

நான்காம் வகுப்பு டீச்சர் சோபனா எழுந்து வந்தாள். தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். மூன்று வருஷமாக இங்கே இருக்கிறாள்.

"வாங்கய்யா. உக்காருங்க."

"உக்கார வரல. எங்க வூட்டுப் புள்ள எழுதுனது எது? அதை எடுத்துக் குடுத்துடுங்க."

சோபனா ஒரு கணம் அவரையும் கயிற்றையும் பார்த்தாள்.

"எடுக்கலாங்கய்யா. ஆனா எங்க வகுப்புல ஒரு சட்டம் இருக்குது. பசங்களே போட்டுக்கிட்டது. நானும் மீற முடியாது." கரும்பலகையைக் காட்டினாள். அதில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'படித்தவர் ஒரு வரி எழுதாமல் போகக்கூடாது. எழுதாதவர் தாளைத் தொடக்கூடாது.'

"எனக்கேவா சட்டம்?"

"போன வாரம் ஹெச்.எம். கூட பழக்கத்துல ஒரு தாளைக் கிளிப்புல இருந்து எடுத்துட்டாருங்க. ஆறு பேரு சுத்தி நின்னு எழுத வச்சுட்டாங்க. எழுதத் தெரியாத அம்மாங்க வந்தா பூ வரைஞ்சுட்டுப் போறாங்க. பெரியவங்க நீங்க. உங்க அப்பா பேர்ல இருக்கற பள்ளிக்கூடம். நீங்களே சட்டத்த மீறுனா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மீறினார் என்ற சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துக் கேட்டுப் பழகாதவர் சென்னப்பன். மருமகள் நிர்மலாதேவி காரிமங்கலத்து மெட்ரிக் பள்ளி வேனைக் காட்டிக் காட்டிக் கேட்டபோதும், நம்ம எடத்துப் பள்ளிக்கூடத்துல நம்ம புள்ள படிக்கலன்னா அது என்ன கௌரவம் என்று பேத்தியை இங்கே சேர்த்தவர்.

"சரி. படிக்கிறேன். என்னதான் சொல்லிக் குடுத்தீங்க நீங்க?"

"ஒரு சின்னக் கதைங்க. ஒரு ராஜா குளம் வெட்டுவாரு. கதையில ராஜாவும் மந்திரியும் மட்டுந்தான் பேசுவாங்க. படிச்சு முடிச்சதும் ஒரு கேள்வி வச்சேன். இந்தக் கதையில பேசாதவங்க யாரு? அவங்க பேசுனா என்ன சொல்லுவாங்க? அதை எழுதுங்கன்னேன். அடுத்த வாரம், அதே மாதிரி நம்ம ஊர்க் கதை ஒண்ணு எடுத்துக்கச் சொன்னேன். ஜெயபிரியா அந்தக் கல்லுல இருக்கற கதைய எடுத்துக்கிச்சு."

"அந்தக் கல்லுல கதையா இருக்குது? ஒரு வரிதான இருக்குது."

"அதைத்தாங்க அதுவும் சொல்லிச்சு," என்று சோபனா சிரித்தாள். வகுப்புக்குள் ஏதோ சண்டை, "யாருடா அது?" என்றபடி உள்ளே போய்விட்டாள்.

சென்னப்பன் தனியே நின்றார். கயிறு பிள்ளைகளின் உயரத்துக்குக் கட்டியது. அவருடைய இடுப்புக்குத்தான் வந்தது. குனிந்துதான் படிக்க வேண்டும். அவர் குனியவில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு தாழ்வாரத்து விளிம்பில், முற்றத்தில் காலை ஊன்றி, நிமிர்ந்தே உட்கார்ந்தார். தாள்கள் இப்போது அவர் முகத்துக்கு நேராக வந்தன.

கண்ணில் பட்ட முதல் தாளைப் படித்தார். கடப்பாரை பேசியது. 'குளம் வெட்டியது நான். ராஜா ஒருநாள்கூட என்னைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கையில் காப்புக் காய்த்திருக்கும்.' அடுத்ததில் மண் சுமந்த கழுதை பேசியது. அதற்கு அடுத்ததில் குளத்தின் அடியில் இருந்த எறும்புப் புற்று பேசியது. 'நாங்கள் வீடு மாறினோம். எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.' சென்னப்பன் உதட்டோரம் எதுவோ இழுத்தது. அதை அடக்கிக்கொண்டார். புங்கம்பூ ஒன்று வந்து எறும்புப் புற்றின் மேல் ஒட்டிக்கொண்டது. எல்லாம் பேசுகிற ஓர் உலகத்துக்குள் தவறி வந்துவிட்டாற்போல் இருந்தது. வாயில்லாதவை எல்லாம் மெல்லிய குரலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின. குறுக்கே பேச அங்கே யாருமில்லை.

பிறகு அந்தக் கையெழுத்து வந்தது. பேத்தியின் 'ற' எப்போதும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும்.

'நான் புங்கமரம். நான் இதுவரை பேசியதில்லை. யாரும் கேட்கவில்லை.

வருடா வருடம் தை மாதம் ராகி அடித்து முடித்ததும் ஒரு தாத்தா முதல் முறம் ராகியைக் கொண்டுவந்து என் அடியில் கொட்டுகிறார். ஒரு சிறுமியும் கூட வருகிறாள். யாருக்கு என்று அவள் கேட்டாள். மரத்துக்கு என்று தாத்தா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மரம் ராகி தின்னுமா? மரம் தண்ணீர்தான் குடிக்கும்.

தாத்தா பொய் சொல்ல மாட்டார். எனவே அவரால் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ராகி தின்கிற ஒருவருக்குத்தான் அதை வைக்கிறார்கள். கல்லில் பெயர் இருக்கிறவருக்கு அமாவாசைக்கு வீட்டிலேயே இலை போட்டுப் படைக்கிறார்கள். எனவே இது அவருக்கு இல்லை. வீட்டில் படைக்காத ஒருவருக்கு. ஏன் இங்கே வைக்க வேண்டும்? இந்த இடம் அவருடையதாக இருக்க வேண்டும். அவர் ஒரு அம்மாவாகத்தான் இருப்பார். ஏனென்றால் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு யாரும் இல்லை. அவர் அழுதுகொண்டே வந்தார். என் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சோறு போடுங்கள் என்று அதிகாரியின் காலில் விழுந்தார். அதிகாரி எடுத்துக்கொண்டார். நான் மேலேயிருந்து பூவைப் போட்டேன். எனக்கு அதுதான் முடியும்.'

அதற்குக் கீழே வெவ்வேறு கையெழுத்தில் வரிகள். 'மரமே, நீ பேசியது நன்றாக இருக்கிறது.' 'ராகி களி எனக்கும் பிடிக்கும்.' யாரோ ஒரு தாய் வரைந்த பூ. லாரி ஓட்டுகிறவர் ஒருவர் எழுதியிருந்தார்: 'பாவம் அந்த அம்மா.' கடைசியாக ஆண்டியின் மகன்: 'அந்த ஆயா பேர் என்ன?' அதற்கு ஜெயபிரியாவின் சாய்ந்த எழுத்தில் பதில்: 'மரத்துக்குத் தெரியாது. தெரிந்தவர் யாராவது படித்தால் எழுதவும்.'

சென்னப்பன் அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை. தெரிந்தவர் என்று இந்தப் பூமியில் இன்னும் இருப்பது அவர் ஒருவர்தான்.

அவர் வாய் திறந்து யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கு, மகன் சத்யராஜுக்கு, யாருக்கும். அந்தப் பிள்ளையோ ஒரு முறம் ராகியைப் பிடித்துக்கொண்டே நடந்து, அந்த இடத்துக்கு வந்துசேர்ந்துவிட்டது. ஒன்பது வயது. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். நிஜமாகவே நீ சொன்னாயா என்று கேட்கப் போனதுபோல் இருந்தது அந்தப் பார்வை. மரம் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவின் அக்காள் அவள், நிலம் கொடுத்தவள். தொப்பூருக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஒரு வருஷத்தில் புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். பாட்டனார் உயிரோடு இருந்தபோது, காடாகக் கிடந்த இந்தப் புங்கமரத்து மேட்டை அவள் பங்கு என்று வாய்ச்சொல்லாகக் கொடுத்திருந்தார். இந்த மேட்டில் அவள் கொள்ளும் எள்ளும் போட்டாள். பையனான சென்னப்பன் ஐந்து மைல் நடந்து காரிமங்கலத்துப் பள்ளிக்கூடம் போய் வருவான். சாயங்காலம் இந்த மரத்தடியில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். அதுதான் அவன் தின்கிற எள்ளுருண்டைக்கு விலை. படித்து முடித்ததும் அத்தை கேட்பாள், "அப்புறம்?"

"அவ்ளோதான் அத்தே. முடிஞ்சுபோச்சு."

"நரி போயிருச்சு சரி. அந்தக் காக்கா ராவைக்கு என்னத்தத் தின்னுச்சு?"

"புஸ்தகத்துல போடல."

"போடலன்னா பசிக்காதா?"

அவனுக்குக் கோபம் வரும். புத்தகத்தை மூடிக்கொண்டு ஓடுவான். பின்னாலிருந்து அவள் சிரிப்பு வரும்.

பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டு அதிகாரிகள் வந்தார்கள். மாதப்பன் யோசித்தார். ஒரு மாதம் யோசித்தார். தன் நிலத்தில் எந்த மூலையையும் விட அவருக்கு மனசு வரவில்லை. இரண்டாம் முறை அவர்கள் வந்து, கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, அப்படியானால் பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று எழுந்தபோது, அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "எம் பங்கை எழுதிக்குங்க," என்றாள். அவ்வளவுதான். பட்டா மாதப்பன் பெயரில் இருந்தது. ஆகவே கொடுத்தவர் மாதப்பன் ஆனார். அத்தையிடம் அவள் பாத்தியத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு காகிதம் எழுதி வாங்கினார்கள். கல் வந்து பதித்த அன்று அப்பா சென்னப்பனின் தலையில் கை வைத்தார். "நம்ம வூட்டுப் பேச்சு வூட்டோட இருக்கணும்," என்றார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் உச்சியில் இருந்தது.

அப்பா பொய் சொன்னவரில்லை. யாரும் அவரைக் கேட்டதில்லை. அத்தை இறந்த வருஷம் அம்மாதான் முதல் முறம் ராகியை இந்த மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஏன் என்று அவளையும் யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பின் சென்னப்பன் கொட்டினார். இத்தனை வருஷத்தில் கேட்டது ஜெயபிரியா ஒருத்திதான்.

தாளை எடுத்துவிடலாம். 'நல்ல கற்பனை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, கிளிப்பைத் தட்டி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம். சட்டமும் நிற்கும், அப்பா பெயரும் நிற்கும். சனிக்கிழமை அலுவலர் வந்து இந்தத் தாழ்வாரத்தில் நடக்கும்போது கடப்பாரையும் கழுதையும் மட்டும் பேசும். பென்சிலைப் பிடித்தார். 'நல்ல' என்று எழுதக் கை போனது.

அப்போது அந்த வரி மறுபடி கண்ணில் பட்டது. அழுதுகொண்டே வந்தார். சோறு போடுங்கள் என்று அதிகாரியின் காலில் விழுந்தார்.

அதன் கீழே லாரிக்காரர்: பாவம் அந்த அம்மா.

சென்னப்பனுக்குக் காது மடல் சூடேறியது. யார் காலில் விழுந்தது? எங்கள் அத்தையா? சோற்றுக்காகவா? இந்த வீட்டில் பிறந்த ஒருத்தி இன்னொருத்தன் காலில் விழுந்தாள் என்று எழுதித் தொங்குகிறது, ஊரே படித்துவிட்டுப் போகிறது, ரோட்டில் போகிறவன் பாவம் என்கிறான்! நிலம் அப்பாவுடையது இல்லை என்று எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இது முடியாது. தாளைக் கழற்றினாலும் படித்தவர்கள் மனதிலிருந்து இதை எப்படிக் கழற்றுவது? திருத்தித்தான் ஆக வேண்டும். திருத்துவதானால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாளை முழங்கால் மேல் இழுத்து வைத்துக்கொண்டார். கயிறு தாழ்ந்து கூடவே வந்தது. பென்சில் கூர் முறியும் அளவுக்கு அழுத்தி எழுதினார்.

'இதில் தவறு இருக்கிறது. அவர் அழவில்லை. யார் காலிலும் விழவில்லை. அவருக்கு வீடும் சோறும் இருந்தது, நாங்கள் இருந்தோம். நின்றபடியே கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தார். அதிகாரிதான் எழுந்து நின்று கும்பிட்டார். பெயர் பெரியம்மாள். என் அத்தை. – மா. சென்னப்பன்.'

எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கே எட்டியது. வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது. மரத்தடி, பூ, வெயில், எல்லாம் ஒரு நொடி அசையாமல் நின்றன. உச்சந்தலையில் அப்பாவின் கையைத் தேடினார். இருந்தது. ஆனால் முன்னைப்போல் அழுத்தவில்லை. வெறுமனே வைத்திருந்தது.

சோபனா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. "எடுத்துக்கறீங்களாங்கய்யா?" என்றாள்.

"வேணாம். தொங்கட்டும்," என்று எழுந்தார். "தப்பு இருந்துச்சு. திருத்தியிருக்கேன்."

வளைவருகே தமிழ்மணி சாக்கட்டியால் தாமரைக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"தமிழ்மணி, தாமரை வேணாம்."

"வேற என்னங்க போடட்டும்? மயிலா?"

"பெரியம்மாள்னு எழுது."

"யாருங்கய்யா அது?"

"எங்க அத்தை."

தமிழ்மணி சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் விரலால் இடத்தை அளந்தான். "ஆறு எழுத்து. வருங்க. ஆனா ஐயா, அப்பாரு பேருக்கு முன்னாடியில்ல வந்துடும்? பரவாயில்லியா?"

"எடம் முன்னாடிதான இருக்குது?" என்றார் சென்னப்பன். "இருக்கற எடத்துல எழுது."

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிவிட்டு வந்த ஜெயபிரியா அவர் எதிரில் வந்து நின்று, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. குதித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது மகன் சத்யராஜ் களியைப் பிட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில், "அந்தப் பேரை நான் கேட்டதே இல்லியேப்பா," என்றான். "நீ கேக்கவே இல்லியே," என்றார் சென்னப்பன். அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை ஊரே திரண்டிருந்தது. ஒலிபெருக்கி இரைந்தது. வளைவுக்கு மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். ஆனால் துணி போதவில்லை. இடப்பக்கத்தில் 'பெரி' என்பது தெரிந்தது. ஆண்டி டீக்கடையைச் சாத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான்.

"என்னா பெரியப்பா, வளைவுல புதுப் பேரு ஒண்ணு எட்டிப் பாக்குது?"

"பழைய பேருடா அது," என்றார் சென்னப்பன். "உன் டீக்கடைய விடப் பழசு. உங்க அப்பன விடவும் பழசு."

"எங்கப்பனையும் சேத்துக்கிட்டீங்களா! நல்லா இருங்க," என்று ஆண்டி சிரித்தபடி வழிவிட்டான்.

அலுவலரின் ஜீப் நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் வளைவை நோக்கி நகர்ந்தார்கள். சென்னப்பன் மட்டும் கூட்டத்துக்கு எதிராகத் தாழ்வாரத்துக்கு நடந்தார். திருத்தியது சரியாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தாள் நிரம்பியிருந்தது. இடம் போதாமல் கீழே இன்னொரு தாளைப் பசையில் ஒட்டி நீட்டியிருந்தார்கள். லாரிக்காரர் தன் 'பாவம்' என்ற வரியை அடித்துவிட்டு, 'கெட்டிக்காரி' என்று மாற்றியிருந்தார். மருமகள் நிர்மலாதேவியின் கையெழுத்துகூட இருந்தது: 'அடுத்த தையில் நானும் வருகிறேன்.' கடைசியில், ஒட்டிய தாளின் நடுவில், சாய்ந்த 'ற'.

'மா. சென்னப்பன் அவர்களுக்கு மரம் எழுதுவது. தவறைத் திருத்தியதற்கு நன்றி. நான் மாற்றி எழுதப்போகிறேன். அதற்கு ஒன்று தெரிய வேண்டும். கைநாட்டு வைத்தபோது பெரியம்மாள் ஆயா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்? மரம் மேலே இருப்பதால் முகம் தெரியவில்லை.'

சென்னப்பன் தாழ்வாரத்து விளிம்பில் உட்கார்ந்தார். இந்த முறை சுற்றிலும் பார்க்கவில்லை.

அறுபது வருஷத்துக்கு மேல் அவர் அந்த நாளை மடித்து வைத்திருந்தார். அதில் கயிற்றுக்கட்டில் இருந்தது. நீலமாய் நனைந்த கட்டைவிரல் இருந்தது. எழுந்து கும்பிட்ட அதிகாரி இருந்தார். அத்தையின் முகத்தை மட்டும் ஒருபோதும் நேராகப் பார்த்ததில்லை. இப்போது மெல்லப் பிரித்தார். ஒலிபெருக்கிச் சத்தம் தூரத்து ஆற்று இரைச்சலாய்த் தேய்ந்தது. பூ விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையும் வெளிர்நீலமுமாய்ப் பூக்களுக்கு நடுவே அத்தை நின்றாள். குனியாத முதுகு. அதை அவர் இதுவரை கவனித்ததில்லை; அது தன் முதுகு. கட்டைவிரல் காகிதத்தில் இருந்தது. அவள் பார்வை காகிதத்தில் இல்லை. தம்பியின் பக்கமும் இல்லை. அதிகாரியைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, புத்தகப் பையோடு வீட்டுத் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்ற எட்டு வயதுப் பையன்மேல் இருந்தது. அவன் மட்டும் பார்க்க வேண்டும் என்பதுபோல, கண்ணாலேயே கேட்டாள்: அப்புறம்?

அன்றைக்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தாத்தா! ஐயா! ஜீப்பு வந்துருச்சு, திரைய இழுக்கணும், வாங்க!" வளைவுப் பக்கமிருந்து நாலைந்து குரல்கள். ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லி அழைத்தது. பிறகு அவர் அப்பா பெயரைச் சொன்னது. பிறகு ஒரு தடுமாற்றம். அத்தையின் பெயரைச் சொன்னது. அந்தப் பெயர் அவ்வளவு சத்தமாக இந்த மேட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வரேன், இருங்க," என்றார் சென்னப்பன். "படிச்சுட்டேன். எழுதாம எப்படி எந்திரிக்கறது?"

நூலில் ஆடிய பென்சிலைப் பிடித்தார். இந்த முறை அழுத்தவில்லை.

'என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்,' என்று எழுதினார்.